ரொறன்ரோவிலிருந்து கிளிநொச்சிக்கு: ஒரு நேரக் கணக்கு

ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான்வழியில் மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் இல்லை. டுபாய் வழியாகச் செல்வோர் முதலில் 11,000 கிலோமீற்றரும், பின்னர் 3,300 கிலோமீற்றரும் பறக்க வேண்டும்; பறக்கும் நேரம் மட்டும் 17, 18 மணித்தியாலங்கள் ஆகும், காத்திருப்போடு ஒரு முழு நாள். லண்டன்காரர் கொடுத்துவைத்தவர்கள்: 8,700 கிலோமீற்றர், நேரடி விமானத்தில் சுமார் 11 மணித்தியாலங்களில் இறங்கிவிடலாம்.

இலங்கை நேரம் ரொறன்ரோவை விடக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பத்தரையும் முந்தியது. வெள்ளி இரவு புறப்படுபவர் ஞாயிறுதான் இறங்குவார். நள்ளிரவு கடந்து இறங்கும் விமானமென்றால் ஊருக்குத் திகதியை மட்டும் சொல்லாதீர்கள். "ஞாயிறு இரவு விடிந்தால் திங்கள்" என்று விளக்கமாகச் சொல்லுங்கள்.

கட்டுநாயக்காவிலிருந்து அனுராதபுரம், வவுனியா வழியாகக் கிளிநொச்சி சுமார் 300 கிலோமீற்றர். ஆறு, ஏழு மணித்தியாலம் எடுக்கும். வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுக் கச்சான் வாங்காமல் சாரதிமார் வண்டியை எடுக்கமாட்டார்கள். அதற்குச் செலவாகும் நேரம் குறித்து எனக்கு மனத்தாங்கல் இல்லை.

இறங்கும் நாளில் எந்தக் கந்தோர் வேலையையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதையே நான் அழுத்திச் சொல்வேன். ஒருமுறை இடையில் விமானம் தாமதித்து அடுத்ததும் தவறிப்போக, என்னை ஏற்ற வந்த வானுக்குள் அக்கா குடும்பம் இரவு முழுவதும் நுளம்போடு கிடந்தது. காத்திருப்புக் கூலி தனி. வெளியே வந்ததும் அத்தான் சொன்னார்: "இண்டைக்கு விட்டால் காணிக் கந்தோர் ஐயா பிறகு எப்ப இருப்பாரெண்டு தெரியாது." அம்மாவின் பெயரில் இருந்த பெர்மிட் காணியை (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த நிலம்) அக்காவின் பெயருக்கு மாற்ற எனது சம்மதக் கையொப்பம் வேண்டுமாம். குளிக்காமல், நித்திரையில்லாமல், கடவுச்சீட்டைப் பிடித்தபடி அந்தக் கந்தோர் வாங்கில் பிற்பகல் வரை இருந்தேன். பிறப்புப் பதிவில் உள்ள பெயருக்கும் கடவுச்சீட்டுப் பெயருக்கும் ஓர் எழுத்து வேறுபடுவதாகவும், இருவரும் ஒருவரே என்று கிராம அலுவலரிடம் கடிதம் வாங்கி வருமாறும் அலுவலர் சொன்னார். கிராம அலுவலர் வெளிக்களத்தில் நின்றார். மறுநாள் போயா (முழுநிலா நாள்) விடுமுறை.

அத்தானைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. போர் முடிந்த 2009இன் பின் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பி, பற்றை வெட்டி, கிணறு இறைத்து, தென்னம்பிள்ளை வைத்து அந்த நிலத்தைக் காணியாக்கியவர் அவர். நான் காசு அனுப்பினேன். ஆகவே கையொப்பம் இடுங்கள், ஆனால் இரண்டு இரவு உறங்கிய பிறகு இடுங்கள். புறப்படுமுன்பே போயா நாள்களைப் பார்த்து, பெயர் வேறுபாட்டுக்கான கடிதத்தையும் ஊரவரைக் கொண்டு கேட்டு வையுங்கள்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் பறந்தால் ஒன்றேகால் மணித்தியாலம்தான், அங்கிருந்து கிளிநொச்சியும் அருகில். ஆனால் தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் பெட்டிகளை எடுத்து மீண்டும் பதிய இந்திய விசா வேண்டும். சிறிய விமானம் என்பதால் பொதி நிறையையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

திரும்பும் நாளில் விமான நேரத்துக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் முன்னரே கிளிநொச்சியை விட்டுப் புறப்படுங்கள். வழியில் எந்தக் கந்தோரிலும் நிற்பதில்லை என்று வான் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.