சோலைமந்தி என்ன தின்கிறது என்று குறிப்பெடுக்க

வால்பாறைக்குச் சோலைமந்தி (சிங்கவால் குரங்கு) பார்க்க வருகிறவர்கள் வந்ததும் குரங்கைத் தேடுவார்கள். நான் மரத்தைத் தேடச் சொல்வேன். எது பூத்திருக்கிறது, எது காய்த்திருக்கிறது என்று தெரிந்தால் மந்தி எந்தப் பக்கம் இருக்கும் என்பது பாதி தெரிந்த மாதிரிதான்.

முதலில் வெடிப்பலா என்கிற காட்டு மரம். தை, மாசியில் கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பூவில் இதழ் கிடையாது. சதைப்பிடிப்பான அதன் குழலுக்காகவே மந்தி, அணில், வௌவால் எல்லாம் வரும். அப்புறம் மேலெல்லாம் முள்ளாகக் காய் பிடிக்கும். அது பழுத்து வெடிக்கிறவரை மந்திக்குப் பொறுமை இல்லை. பச்சைக் காயையே பிளந்து விதையை எடுத்துவிடும். மரத்தடியில் முள்தோடு கிடந்தால் நின்று பாருங்கள். ஆனால் மலையணிலும் இதே வேலையைச் செய்யும். அதனால் கண்ணால் பார்த்தது தனி, தரையில் கிடந்தது தனி என்று எழுதுங்கள்.

மந்திக் கூட்டம் கிடைத்ததும் தள்ளி நின்று, கால் மணிக்கு ஒருமுறை கண்ணில் படும் ஒவ்வொரு மந்தியும் என்ன செய்கிறது என்று குறியுங்கள். மரத்தின் பெயர் மட்டும் போதாது. தளிரா, பூவா, காயா, பழமா, விதையா என்பதும் வேண்டும். ஒரு மரத்தில் பறித்ததைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு போய் இன்னொரு மரத்தில் உட்கார்ந்து மெல்லும். உட்கார்ந்திருக்கிற மரத்தின் பெயரை எழுதிவிடாதீர்கள்.

பழம் குறைந்தால் அத்தி வகைகளைப் பாருங்கள். ஒவ்வொரு மரமும் தன் இஷ்டத்துக்குக் காய்க்கும் என்பதால் எங்காவது ஒன்றில் பழம் இருக்கும். பூச்சி வேட்டையோ எல்லா மாதமும் உண்டு: பட்டையை உரிக்கும், சுருண்ட இலையைப் பிரிக்கும். சுணையுள்ள கம்பளிப்பூச்சி கிடைத்தால் இலையை வைத்துத் தேய்த்து, சுணையைப் போக்கிவிட்டுத்தான் வாயில் போடும். தவளை, பல்லியும் தப்பாது. என்ன பூச்சி என்று தெரியாவிட்டால் 'பூச்சி' என்றே எழுதுங்கள், பரவாயில்லை.

இலையை வாரி வாரித் தின்கிற கறுப்புக் குரங்கு என்றால் பெரும்பாலும் கருமந்தி. முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரிமயிரும் வால்நுனியில் குஞ்சமும் இருந்தால்தான் நம்முடையது.

வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் கொய்யா, காப்பிப் பழம், நிழலுக்கு நட்ட ஆப்பிரிக்க மீசோப்சிஸ் மரத்தின் பழம் எல்லாம் பட்டியலில் வரும். குப்பைத் தொட்டியும் வரும். அழகாக இல்லை என்று அதை விட்டுவிடாமல், தனிப் பத்தி போட்டு எழுதுங்கள். நீங்கள் எதுவும் கொடுக்காதீர்கள்; கொடுத்தால் உங்கள் பிஸ்கட்டும் அந்தப் பட்டியலில் ஏறிவிடும்.

ஆனி, ஆடி மழையில் பேனா மை கரையும், பென்சில் போதும். அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்கக் காலில் முழங்கால்வரை துணி உறை போடுங்கள். சாலையோரம் நின்று பார்க்கலாம். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்.