விட்ட பழக்கத்தைத் தொடர நல்ல நாள் பார்க்காதீர்கள்

கோத்தகிரியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு மாலை நேரங்களில் உட்கார்ந்து பாடம் பார்ப்பவன் நான். தேயிலை விவசாயிகளின் வீடுகளிலிருந்து வருகிறார்கள். தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்த கையோடும் வருகிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு முகங்கள் மாறினாலும் படிக்கும் பழக்கத்தில் அவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மட்டும் மாறுவதில்லை. எங்கள் தலைமுறையும் அங்கேதான் விழுந்தது. செல்போனை ஒதுக்கி வை, நேரத்தோடு தூங்கு என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தவை. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

நான்கு மணி சபதம்

மார்கழியில் ஊட்டிப் பக்கம் புல்வெளியெல்லாம் உறைபனி படிந்து கிடக்கும். அந்தக் குளிரில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுவேன் என்று புரட்டாசியிலேயே சபதம் செய்துவிடுகிறார்கள். கடிகாரத்தை நம்பாதீர்கள். தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு படிப்பைச் சேர்த்துவிடுங்கள். காலையில் டீ குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் புத்தகம் என்றால், எழுந்த நேரம் முன்பின் ஆனாலும் படிப்பு நடந்துவிடும்.

21 நாள் கணக்கு

மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர், மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினார். அதில் 'குறைந்தது' உதிர்ந்துபோய், எந்தப் பழக்கமும் 21 நாளில் வந்துவிடும் என்றாகிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து ஆராய்ந்தபோது, ஒரு செயல் தானாக நடக்கத் தொடங்க 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று தெரிந்தது. இடைநிலை 66 நாள்; அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, மீதிப் பேருக்கு அதைவிட அதிகம். 22ஆம் நாள் சலிப்பு வந்தால் உங்களிடம் குறை ஒன்றுமில்லை.

நாள் பார்ப்பது

இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஒரு மாணவி. கணக்குப் போடுவதில் மற்றவர்கள் பேனாவைத் திறப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி, முடித்த பாடத்துக்குப் பச்சை, விட்டதற்குச் சிவப்பு என்று குறித்து வந்தாள். வடகிழக்குப் பருவமழை வந்தது. மரம் விழுந்து கரன்ட் போயிற்று. மண் சரிந்து பஸ் நின்றது. நோட்டில் ஒரு வாரம் முழுக்கச் சிவப்பு. மழை விட்ட பிறகும் அவளைக் காணவில்லை. ஒரு நாள் கடைவீதியில் பார்த்து, "ஏனம்மா வரவில்லை?" என்று கேட்டேன். "நிறைய விட்டுப்போயிற்று சார். ஒன்றாம் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்குகிறேன்" என்றாள். ஒன்றாம் தேதி போயிற்று. ஹெத்தையம்மன் திருவிழா முடியட்டும் என்றாள், பிறகு பொங்கல் கழியட்டும் என்றாள். மழை பறித்தது ஒரு வாரம்தான். மாதங்களைப் பறித்தது இந்த நாள் பார்த்தல். பாதிப் பாடத்தோடு போய்த் தேர்வு எழுதினாள். அந்தப் பெண்ணின் அறிவுக்கு அது நேர்ந்திருக்கக் கூடாது.

வாரம், மாதம், ஆண்டு பிறக்கும்போது மனத்தில் ஊக்கம் கூடுவது மெய்தான். கேத்தரின் மில்க்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014இல் அதைக் காட்டியிருக்கிறார்கள். ஒன்றாம் தேதி நாளைக்கே என்றால் அந்த ஊக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் தள்ளி இருந்தால், அதுவரை படிக்காமல் இருப்பதே பழகிவிடும்.

நாள் பார்க்க வைப்பது சோம்பல் என்று பெற்றோர் திட்டுகிறார்கள். நான் பார்த்தவரை அது பாக்கியைக் கண்டு வரும் பயம். விட்ட பாடமெல்லாம் கடன்போல் தலைக்கு மேல் நிற்கிறது. அதைத் தீர்க்காமல் இன்றைய பாடத்தைத் தொட மனம் கூசுகிறது. தீர்க்கவும் முடியாததால், கணக்கையே அழித்துப் புதிதாகத் தொடங்க ஒரு தேதியைத் தேடுகிறது. ஆனால் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது கெட்டுவிடவில்லை என்பதையும் லாலி குழுவினர் கண்டார்கள். உங்கள் வீட்டுத் தோட்டத்தையே பாருங்கள். மழையால் கொழுந்து பறிப்பு தள்ளிப்போனால், முற்றிய இலைக்கு விலை குறைகிறதே என்று உங்கள் அம்மா மாதப்பிறப்பு வரை காத்திருக்கிறாரா? மழை விட்ட மறுநாளே கூடையோடு இறங்கிவிடுகிறார்.

ஆகவே விட்ட பாடத்தை விட்ட இடத்திலேயே கிடக்கவிடுங்கள். இன்றைய பாடத்தை இன்று படியுங்கள்; பழையதை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். கெட்ட நாளுக்கென்று ஒரு சின்ன அளவை இப்போதே எழுதி வையுங்கள்: 'கரன்ட் போனால், டார்ச் வெளிச்சத்தில் பழைய வினாத்தாளிலிருந்து பத்துக் கேள்வி.' 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். நோட்டில் சிவப்பு மையும் வேண்டாம். நின்ற தேதி, மீண்டும் தொடங்கிய தேதி இரண்டையும் குறியுங்கள். இடைவெளி குறைந்துகொண்டு வந்தால் நீங்கள் முன்னேறுகிறீர்கள்.

சபதத்தை ஊருக்கு அறிவிப்பது

வேண்டாம். பாராட்டு முன்னதாகவே வந்துவிட்டால் வேலை தளர்ந்துவிடும்.

'தெரிந்ததுதானே' என்ற மெத்தனம்

தமிழக அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதிக்கு 150 மதிப்பெண். அதில் 60 எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். தாய்மொழிதானே என்று அதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

வீட்டாரோடு மல்லுக்கு நிற்பது

கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் வீட்டுக்கு உங்கள் கை தேவைப்படும். "படிக்கவே விடுவதில்லை" என்று சண்டை போட்டால் இரண்டு பக்கமும் மனம் புண்படும். இரவு ஏழு முதல் எட்டு வரை என்னைக் கூப்பிடாதீர்கள் என்று அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் கேளுங்கள். முதலில் அம்மாவிடம் கேளுங்கள். அப்பாவிடம் அவரே சொல்லிக்கொள்வார்.