புது வேலையில் சேர்ந்ததும் பி.எஃப். கணக்கை என்ன செய்வது?

புது அலுவலகத்தில் சேரும் நாளன்று நீட்டப்படும் காகிதக் கட்டில் படிவம் 11 இருக்கும். பலரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். முன்பு பி.எஃப். இருந்ததா என்று கேட்கும் இடத்தில் ‘இல்லை’ என்று குறித்தால் இரண்டாவதாக ஒரு யூ.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) உருவாகிவிடக்கூடும். ஒருவருக்கு ஒரே யூ.ஏ.என்.தான் இருக்க வேண்டும். பழைய சம்பளச் சீட்டைப் பார்த்து அந்த 12 இலக்க எண்ணையே எழுதுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய தலைவலி இனிஷியல். ஆதாரில் ‘எஸ். முருகன்’, பான் அட்டையில் ‘முருகன் சுப்பையா’, பி.எஃப். பதிவில் ‘முருகன் எஸ்’ என்றிருந்தால் கணினிக்கு அவர்கள் மூன்று பேர். பணம் மாற்றும்போதோ எடுக்கும்போதோ விண்ணப்பம் திரும்பி வரும். எனவே முதலில் ஆதாரைச் சரிசெய்து, மற்றவற்றை அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள். பிறந்த தேதியையும், தந்தை பெயரையும் அப்படியே ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய நிறுவனத்தில் இன்னும் தெரிந்தவர்கள் இருக்கும்போதே இதை முடிப்பது நல்லது.

அடுத்து, நீங்கள் விலகிய தேதியைப் பழைய நிறுவனம் பதிந்திருக்கிறதா என்று பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் ‘சர்வீஸ் ஹிஸ்டரி’ பகுதியில் பாருங்கள். பதியவில்லை என்றால் இரண்டு மாதம் கழித்து, ஆதார் ஓ.டி.பி. மூலம் ‘மார்க் எக்ஸிட்’ பகுதியில் நீங்களே பதியலாம். தவறாகப் பதிந்தால் திருத்துவது பெரும்பாடு, ஆகவே பணி விடுவிப்புக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதியுங்கள்.

புது நிறுவனத்தின் முதல் தொகை வரவானதும் பழைய இருப்பு தானாகவே மாற வேண்டும். எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. பாஸ்புக்கில் மாற்றம் தெரியவில்லையென்றால் ‘ஒன் மெம்பர் ஒன் ஈ.பி.எஃப். அக்கவுன்ட்’ வழியாக நீங்களே கோருங்கள். பழைய நிறுவனம் சொந்த அறக்கட்டளை வைத்து பி.எஃப். நடத்தியிருந்தால் அங்கிருந்து அனெக்சர் கே (மாற்றப்படும் தொகை, பணிக்கால விவரச் சான்று) வந்தாக வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

பணம் மாறிய பிறகு பாஸ்புக்கின் ஓய்வூதியப் பத்தியில் பூஜ்ஜியம் இருப்பதைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. பணம் எங்கும் போகவில்லை. ஓய்வூதியத் திட்டத்தில் மாறுவது பணிக்காலம் மட்டுமே. ஓய்வூதியம் பெற 10 ஆண்டு பணிக்காலம் வேண்டும் என்பதால் அந்த ஆண்டுகளின் கணக்குதான் முக்கியம்.

‘சின்னத் தொகைதானே’ என்று பழைய கணக்கில் இருக்கும் பணத்தை எடுத்துவிடாதீர்கள். ஓய்வூதியப் பங்கையும் எடுத்தால் அந்தப் பணிக்காலம் அழிந்துவிடும். மொத்தப் பணிக்காலம் 5 ஆண்டுக்குக் குறைவாக இருந்து, எடுக்கும் தொகை 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் போனால் வரியும் பிடிப்பார்கள்.

வருமான வரியிலும் ஒரு பொறி இருக்கிறது. நிதியாண்டின் நடுவில் மாறியவர்கள் பழைய சம்பள விவரத்தைப் புது நிறுவனத்தின் கணக்குப் பிரிவிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இரு நிறுவனங்களுமே நிலைக்கழிவை (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) தனித்தனியாகக் கழித்து, குறைவாக வரி பிடிப்பார்கள். மீதியை ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது வட்டியோடு நீங்கள்தான் கட்டுவீர்கள்.

நாமினியையும் மறக்க வேண்டாம். குடும்பம் அமைவதற்கு முன் அப்பா, அம்மா பெயரில் போட்ட பி.எஃப். நியமனம் திருமணத்துக்குப் பின் செல்லாது. மறுபடி பதிய வேண்டும்.