தாடைக்கோடு எடுப்பாக வேண்டுமா? பணம் கட்டுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாலைன், அதாவது எடுப்பான தாடைக்கோடு வேண்டும் என்று கிளினிக்குக்குப் போகிறவர்களில் பலர் சிகிச்சையின் பெயரைத் தாங்களே முடிவு செய்துகொண்டுதான் போகிறார்கள். "ஃபில்லர் போடணும் டாக்டர்", "நூல் போட்டு இழுத்து விடுங்க" என்று. (ஃபில்லர் என்பது தோலுக்கடியில் ஊசியால் நிரப்பும் பொருள்; நூல் என்பது தோலுக்கடியில் கோத்துத் தோலை இழுத்துப் பிடிப்பது.) எல்லாம் ரீல்ஸ் பார்த்த வினை. முதல் தவறு இதுதான். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. தாடை மழுங்கித் தெரியக் கொழுப்பு காரணமாக இருக்கலாம், தோல் தளர்ந்திருக்கலாம், மெல்லும் தசை பருத்திருக்கலாம், எலும்பே சிறிதாக அமைந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஆளை மாற்றி அடித்தால் பணமும் போகும், முகமும் முன்னைவிடக் கெடும்.

அதனால் வீட்டிலேயே கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். செல்ஃபியை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். சுமார் 30 செ.மீ. தூரத்தில் எடுக்கும் செல்ஃபி, ஐந்தடி தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கை ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகக் காட்டும் என்று 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். மூக்கு பெருத்தால் தாடை சிறுத்துத்தான் தெரியும். வேறொருவரை ஐந்தடி தள்ளி நிற்கச் சொல்லி, கண் மட்டத்தில், பக்கவாட்டுப் படம் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். கீழுதட்டிலிருந்து நேர்க்கீழாகக் கோடு போட்டால், மோவாய் அந்தக் கோட்டை ஒட்டி இருக்கிறதா, நன்றாகப் பின்வாங்கி இருக்கிறதா? பின்வாங்கி இருந்தால் விஷயம் எலும்பில் இருக்கிறது.

அப்புறம் மோவாய்க்கு அடியில் இருக்கும் சதையை இரண்டு விரலால் கிள்ளிப் பிடியுங்கள். பிடித்தபடியே பல்லைக் காட்டிக் கழுத்தை இறுக்குங்கள். சதை விரலுக்குள்ளேயே நின்றால் கொழுப்பு தோலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பிடிபட்டது குறைந்து நழுவினால், கழுத்தை மூடியிருக்கும் மெல்லிய தசைக்கு அடியில் நிறையக் கொழுப்பு இருக்கிறது. கொழுப்பைக் கரைக்கும் ஊசி அங்கே வேலைக்கு ஆகாது. காதுக்குக் கீழே தாடை முனையில் விரல் வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். கெட்டியாக ஒரு மேடு எழும்பினால் அது மசீட்டர் என்ற மெல்லும் தசை. தாடைக்கு அடியில் இரு பக்கமும் உருண்டையாகத் தட்டுப்படுவது உமிழ்நீர்ச் சுரப்பி. அதைக் கொழுப்பு என்று நினைத்து, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் செய்துகொண்டவருக்கு உருண்டை அப்படியே இருக்கும். கழுத்தின் முன்பக்க வீக்கம் எச்சில் விழுங்கும்போது ஏறி இறங்கினால் அழகு கிளினிக்கை மறந்துவிட்டுத் தைராய்டைப் பரிசோதியுங்கள்.

இவை ஒரு குத்துமதிப்புதான். ஆனால் டாக்டர் சொல்வது பொருந்துகிறதா என்று பார்க்க இவ்வளவு தெரிந்திருந்தால் போதும்.

ஃபில்லரில் நடக்கும் தவறுகள்

தாடைக்கு அதிகம் போடப்படுவது ஹயாலுரானிக் ஆசிட் ஃபில்லர். தாடைக்கோட்டுக்கென்றே ஒரு வகைக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022-ல் அனுமதி கொடுத்தது. பொதுவாக ஒரு சிரிஞ்சில் இருப்பது 1 மி.லி., அதாவது ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. காதிலிருந்து மோவாய் வரை இரண்டு பக்கமும் அதை நிரவினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "முதல்ல ஒண்ணு போட்டுப் பார்ப்போம்" என்று ஆரம்பித்தால், வித்தியாசம் தெரியவில்லை என்று மேலும் மேலும் போட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கும். மொத்தம் எத்தனை சிரிஞ்ச், எவ்வளவு நாள் நிற்கும், கரைந்தபின் திரும்பப் போட என்ன செலவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே கொழுப்பு தொங்கும் கனமான முகத்தில் ஃபில்லரையும் ஏற்றினால் முகம் இன்னும் கனமாகும், கோடு வராது.

விலை குறைவு என்பதற்காக யாரோ ஒருவரிடம் போட்டுக்கொள்வதுதான் எனக்கு நிஜமாகவே பயம் தருவது. பல்லைக் கடித்தபடி, மசீட்டர் தசையின் முன் ஓரத்தில், தாடை எலும்பின் விளிம்பில் விரலை மெல்ல அழுத்துங்கள். ஒரு துடிப்பு தெரியும். அது முகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி. ஃபில்லர் ஊசி போகும் பாதையை அது அங்கே குறுக்கே கடக்கிறது. ஃபில்லர் அதற்குள் போய் அடைத்துவிட்டால் தோல் செத்துப்போகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். ஊசி போட்ட இடம் திடீரென்று வெளுப்பது, தாங்க முடியாத வலி, பிறகு வலைபோல ஊதா நிறத் திட்டு, பார்வை மங்குவது, இவற்றில் எது வந்தாலும் உடனே போயாக வேண்டும். ஐஸ் வைத்துப் படுத்துவிட்டு காலையில் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது.

ஹயாலுரானிக் ஃபில்லரைக் கரைக்க ஹயாலுரோனிடேஸ் என்ற மருந்து இருக்கிறது. "அது உங்கள் கிளினிக்கில் இப்போது இருக்கிறதா?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். கால்சியம் கலந்த ஃபில்லருக்கும் கரையவே கரையாத சிலிக்கான் திரவத்துக்கும் இப்படி மாற்று மருந்து கிடையாது. ஊசியே இல்லாமல் அழுத்தத்தில் ஃபில்லரைச் செலுத்தும் பேனாக்கள் ஆன்லைனில் விற்கின்றன. அவற்றைத் தொடவே வேண்டாம் என்று எஃப்.டி.ஏ. 2021-ல் எச்சரித்திருக்கிறது. யூடியூபும் பயிலரங்கமும் பார்த்துக் கற்றது அழகு சிகிச்சைக்குப் போதிய பயிற்சி ஆகாது என்று நம் தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் சொல்ல வேண்டி வந்தது. நிலைமையை நீங்களே புரிந்துகொள்ளலாம். பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லி, அதன் பேட்ச் எண் ஒட்டியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுப்பையும் தோலையும் குழப்பிக்கொள்வது

டீஆக்சிகோலிக் ஆசிட் ஊசி மோவாய்க்கு அடியில் இருக்கும் கொழுப்பைக் கரைக்கும், எஃப்.டி.ஏ. அனுமதி 2015-ல் வந்தது. ஒரே தடவையில் முடியாது. குறைந்தது ஒரு மாத இடைவெளி விட்டு ஆறு தடவை வரை போட வேண்டியிருக்கலாம். போட்டதும் கழுத்து நன்றாக வீங்கும். இடம் தவறினால் உதட்டை அசைக்கும் நரம்பு பாதித்துச் சிரிப்பு சில வாரம் கோணலாகும். இதன் பெயரைச் சொல்லி என்ன கலவை என்றே தெரியாத "கொழுப்புக் கரைப்பு" ஊசிகளும் சந்தையில் உலவுகின்றன.

குளிரூட்டிக் கொழுப்பை அழிக்கும் முறையில் அரிதாக எதிர்மாறாக நடப்பதுண்டு: குறைய வேண்டிய கொழுப்பு கெட்டியாகி இன்னும் வளரும். கனடா மாடல் லிண்டா இவான்ஜெலிஸ்டா தனக்கு அப்படி ஆனதை 2021-ல் வெளிப்படையாகச் சொன்ன பிறகே பலருக்கு இது தெரியவந்தது.

வயது 45-ஐத் தாண்டித் தோல் தளர்ந்தவர்கள் கொழுப்பை மட்டும் எடுத்தால் காலிப் பை போலத் தோல் தொங்கும். அதற்கு நூல் போட்டு இழுப்பது தற்காலிகம். அதிகம் பயன்படும் பி.டி.ஓ. நூல் ஆறு மாதத்தில் கரைந்துவிடும், கனமான தாடையை அது தாங்காது. நன்றாகத் தொங்கிய கழுத்துக்கு அறுவை சிகிச்சைதான் நேர்மையான பதில். எடை குறைத்துக்கொண்டிருக்கிறவர்கள் எடை ஒரு நிலைக்கு வரும்வரை எதுவும் செய்யாமல் இருப்பது லாபம். கன்னத்தின் உட்கொழுப்பை எடுப்பது தாடைக்கான சிகிச்சையே இல்லை. வயதானால் கன்னம் ஒட்டிப்போகும், எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது.

தசையும் எலும்பும்

தாடைக்குப் பயிற்சி என்று ரப்பர் உருண்டையை மணிக்கணக்கில் மெல்லும் பையன்கள் ஒன்றை யோசிப்பதில்லை. பருப்பது மசீட்டர் தசை. முகம் சதுரமாகும், தாடை மூட்டு "டக் டக்" என்று சத்தம் போட ஆரம்பிக்கும். கோடு வராது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைக்கும் மியூயிங்கால் தாடை எலும்பு மாறும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் சங்கமே சொல்லிவிட்டது. சுத்தியலால் தட்டி எலும்பை வளர்ப்பதாகச் சொல்லும் வீடியோக்களுக்கு விளக்கம் வேறு வேண்டுமா?

தூக்கத்தில் பல் நறநறப்பவர்களுக்கு மசீட்டர் தானே பருத்திருக்கும். தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி அதை மெலிய வைக்கும். ஆனால் சில வாரம் முறுக்கும் கறியும் மெல்லத் தாடை சோரும். ஊசியோடு பல் டாக்டரிடம் இரவு போடும் காப்பு உறையையும் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் பல் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். நடுத்தர வயதில் ஏற்கெனவே கன்னம் தொங்க ஆரம்பித்தவர்கள் இந்த ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் தாங்கிப் பிடித்த தசையும் மெலிந்து தொய்வு கூடித் தெரியலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் இதைத் தள்ளிப்போட வேண்டும்.

மோவாய் பின்வாங்கியவர்கள் ஃபில்லருக்கு அவசரப்படுவதற்கு முன், பல்வரிசை சரியாகக் கடிக்கிறதா, குறட்டை உண்டா என்று பாருங்கள். சின்னத் தாடை மூச்சுப்பாதையைக் குறுக்கித் தூக்கத்தில் மூச்சுத் தடையை உண்டாக்கலாம். அப்படியானால் பல்சீரமைப்பு மருத்துவரும் தாடை அறுவை சிகிச்சை நிபுணரும் சேர்ந்து பார்க்க வேண்டும். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் அதற்கான துறையே இருக்கிறது. தாடையை முன்னால் நகர்த்தும் அறுவை சிகிச்சையில் முகத்தோடு மூச்சும் சரியாக வாய்ப்புண்டு. வெறும் மோவாய் மட்டும்தான் சிறியது, கடி சரியாக இருக்கிறது என்றால் இம்ப்ளான்ட் (மோவாயில் செயற்கைத் துண்டு பொருத்துவது) அல்லது மோவாய் எலும்பை வெட்டி முன்னால் நகர்த்துவது போதும்.

கல்யாணத் தேதியோடு மோதுவது

முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் ஓடி வருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஃபில்லர் போட்ட வீக்கமும் ரத்தக்கட்டும் அடங்கவே இரண்டு வாரம் பிடிக்கலாம். மசீட்டர் மெலிந்து தெரிய ஆறு முதல் எட்டு வாரம். லைப்போசக்‌ஷன் வீக்கம் முழுசாக வடிய மூன்று முதல் ஆறு மாதம். தையில் கல்யாணம் என்றால் லைப்போசக்‌ஷன் ஆடியிலேயே முடிந்திருக்க வேண்டும், மசீட்டர் ஊசி ஐப்பசிக்குள், ஃபில்லர் கார்த்திகைக்குள். மார்கழி பிறந்துவிட்டால் ஃபேஷியலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் ஏற்கெனவே பழகிய பார்லரில்.