டம்பம்ங்கிற சொல்லோட வேரை எப்படி தேடிப் பிடிக்கிறது

பழைய சொல்லுக்கு அர்த்தம் தேடணும்னா எல்லாரும் முதல்ல அகராதியத்தான் தொறப்பாங்க, அது ரெண்டாவது வேலை. முதல்ல அந்த சொல் ஜனங்க வாயில எப்படியெல்லாம் வருதுன்னு எழுதி வைங்க. டம்பம் அடிக்கிறான், வீண் டம்பம், டம்பப் பேச்சு, டம்பாச்சாரி. இதோட இன்னொரு வடிவம்தான் ஜம்பம், "உன் ஜம்பம் எங்கிட்ட பலிக்காது"ம்பாங்க. அந்த கடைசி வாக்கியத்துல கொஞ்சம் நில்லுங்க. பெருமை பலிக்காதுன்னு யாராவது சொல்வோமா? தந்திரம் பலிக்காது, சூழ்ச்சி பலிக்காதுன்னுதான சொல்லுவோம், அப்போ இந்த சொல்லுக்குள்ள ஏமாத்துற அர்த்தம் ஒன்னு ஒளிஞ்சிருக்கோன்னு சந்தேகம் இங்கயே வந்துடணும்.

இப்போ அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன், 1924-லேர்ந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்தது, ஆன்லைன்லயே தேடலாம். டம்பம்னு மட்டும் தேடிட்டு விட்டுடாதீங்க, தமிழ் இலக்கணப்படி ட சொல்லுக்கு முதல்ல வராது, அதனால முன்னாடி ஒரு இ சேர்த்து இடம்பம்னு எழுதிருப்பாங்க, ராமன் இராமன் ஆன மாதிரி. இது தெரியாம பாதி பேர் தேடி கிடைக்கலன்னு விட்டுடுறாங்க.

வேர் சமஸ்கிருத தம்பம், ஏமாத்துறதுன்னு அர்த்தம் வர்ற தாதுலேர்ந்து, அதாவது வினை வேர்லேர்ந்து பொறந்தது. இத எப்படி சரிபார்க்கிறதுன்னா, பழைய நூல்ல அந்த சொல்லுக்கு பக்கத்துல என்ன நிக்குதுன்னு பாருங்க. பகவத்கீதை 16-ஆம் அத்தியாயம் 4-ஆம் சுலோகம், அசுர குணங்கள அடுக்குது, முதல்ல தம்பம், அடுத்து தர்ப்பம். தர்ப்பம்னாலே செருக்கு, அது தனியா நிக்குதுன்னா தம்பம் வேற ஏதோ ஒன்னா இருக்கணும்ல? இல்லாதத இருக்கிற மாதிரி காட்டுற வேஷம், அதான் அது. தமிழ்ல அந்த வேஷம் மெல்ல மெல்ல ஆடம்பரமாவும் வாய்ச்சவடாலாவும் மாறிடுச்சு. எனக்கு இந்த இடம் அவ்ளோ புடிக்கும், சுலோகத்துல இருந்த பழைய அர்த்தம் "பலிக்காது"ங்கிற ஒரு வினையில இன்னும் உயிரோட இருக்கு பாருங்க.

ஒலி ஒத்துப்போகுதுன்னு மட்டும் நம்பி ஏமாந்துடாதீங்க. தூணுக்கும் தம்பம்னு பேரு உண்டு, அது ஸ்தம்பத்துலேர்ந்து வந்தது. தம்பட்டம் ஒரு பறை, ஊருக்கு சேதி சொல்ல அடிச்சதால தன்னைப் பத்தி தானே ஊர் முழுக்க சொல்றவன் தம்பட்டம் அடிக்கிறவன் ஆயிட்டான், அந்த கதையே வேற.

கடைசியா, தமிழ்லயே இதுக்கு என்ன சொல்லு இருந்துச்சுன்னும் தேடுங்க. குறள் 439-ல "வியவற்க எஞ்ஞான்றும் தன்னை"ன்னு இருக்கு, 474-ல "தன்னை வியந்தான் விரைந்து கெடும்". வியக்கிறதுன்னா ஆச்சரியப்படுறது. தன்னைப் பார்த்து தானே வாயப் பொளந்து நிக்கிற ஆளு அப்படியே கண்ணு முன்னாடி வர்றானா இல்லயா?