ஸ்னோ விழுமுன் தொடங்கும் வேலை: பிள்ளைகளுக்கான ஸ்கீ ஓட்டப் பருவத்தை நடத்துவது எப்படி

நான் ஸ்கீயில் முதன்முதலாக ஏறி நின்றபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நோர்வேயின் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டு, பிறகு ஒஸ்லோவின் க்ரூருட்டாலன் பக்கம் குடிவந்தேன். மகள் எட்டு வயதில் உள்ளூர்க் கழகத்தில் சேர்ந்தாள். அவளைக் கொண்டுபோய் விட்ட நான் முதல் வருடம் வாகனத் தரிப்பிடத்தில் நின்று வழிகாட்டினேன், அடுத்த வருடம் ஓடும் பிள்ளைகள் மேலே கட்டும் எண் துணி கொடுத்தேன், அதற்கடுத்த வருடம் தொடக்கக் கோட்டில் நின்றேன். இப்போது பதினொரு வருடமாக, ஐந்து கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஆறு போட்டிகள் கொண்ட தொடரை ஒழுங்குசெய்யும் குழுவில் இருக்கிறேன். லங்ரென் என்று இங்கே சொல்லும் நெடுந்தூர ஸ்கீ ஓட்டம்தான். மலையிலிருந்து கீழே பாய்வது வேறு விளையாட்டு.

கழகத்தில் பொறுப்புத் தந்துவிட்டார்கள், எங்கே தொடங்குவது என்று நம் பெற்றோர் சிலர் தொலைபேசி எடுத்துக் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏப்ரல் மாதத்து மேசை

அடுத்த பருவம் ஏப்ரலில் தொடங்குகிறது. கடைசி ஸ்னோ உருகிக்கொண்டிருக்கும்போதே ஐந்து கழகங்களிலிருந்தும் ஒவ்வொருவர் ஒரே மேசையில் வந்து இருக்கவேண்டும். எல்லாருக்கும் களைப்பாக இருக்கும், ஆனாலும் அப்போதுதான் எது பிழையாகப் போனது என்பது நினைவில் இருக்கும். செப்டெம்பரில் கூடினால் பாதி மறந்துவிடும், நல்ல திகதிகளும் போய்விடும்.

முதலில் தொடமுடியாத நாட்களை நாட்காட்டியில் வெட்டிவிடுங்கள். ஒஸ்லோவில் 8வது வாரம் குளிர்கால விடுமுறை; பாதிக் குடும்பங்கள் ஊரில் இராது. 15, 16 வயதுப் பிள்ளைகளுக்கு ஹூவெட்லான்ட்ஸ்ரென்னெட் என்ற நாடளாவிய போட்டி இருக்கிறது. அந்த வார இறுதியில் நீங்கள் ஒன்றும் வைக்கக்கூடாது. வட்டாரச் சாம்பியன் போட்டிக்கும் அப்படியே. மிச்சமுள்ள நாட்களில் உங்கள் ஆறையும் வைத்து, ஷீக்ரெட்ஸ் எனப்படும் வட்டார ஸ்கீ சங்கத்துக்கு அனுப்புங்கள். அவர்களுடைய திகதிப் பட்டியலில் ஏறாத போட்டி, நடக்காத போட்டிதான்.

டிசெம்பரை நம்பாதீர்கள். ஒஸ்லோவின் தாழ்ந்த பகுதிகளில் டிசெம்பரில் மழை பெய்வது புதினமில்லை. எங்கள் முதல் போட்டி ஜனவரியில்தான். ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு மாற்றுத் திகதியும், செயற்கை ஸ்னோ உள்ள ஒரு மாற்று இடமும் ஏப்ரலிலேயே எழுதிவைத்திருப்போம்.

ஆறில் இரண்டை வேலைநாள் பின்னேரத்தில் வைப்பது என் பிடிவாதம். ஜனவரி தொடக்கத்தில் இங்கே பின்னேரம் மூன்றரைக்கே சூரியன் மறைந்துவிடும், ஆனால் மின்விளக்குப் போட்ட காட்டுப் பாதைகள் நிறைய இருக்கின்றன. நம்மவர்களில் எத்தனை பேர் சனி, ஞாயிறில் முதியோர் இல்லத்திலும் பஸ்ஸிலும் வேலை செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வார இறுதியில் மட்டும் போட்டி வைத்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் வரவே மாட்டார்கள். இதைக் கூட்டத்தில் நீங்கள்தான் சொல்லவேண்டும். வேறு யாருக்கும் தோன்றாது.

ஆறும் ஒரே மாதிரி இருக்கவேண்டாம். இரண்டு கிளாசிக் (இரு தடங்களில் நேராக நடப்பதுபோல் ஓடுவது), இரண்டு ஃப்ரீஸ்டைல் (பக்கவாட்டில் உந்திச் சறுக்குவது), ஒன்று அஞ்சலோட்டம், ஒன்று மேடு பள்ளமும் வளைவும் உள்ள தடைப் பாதை. அஞ்சலோட்டத்தில் கழகம் கடந்து அணி சேர அனுமதியுங்கள். இரண்டே பிள்ளைகள் உள்ள சிறு கழகமும் அப்போது ஓடும்.

வயதும் பரிசும்

நோர்வேயில் பிள்ளைகள் விளையாட்டுக்கென்று தனி விதிகள் 1987 முதல் இருக்கின்றன. 6 வயதாகும் ஆண்டிலிருந்து உள்ளூர்ப் போட்டி, 9 ஆகும் ஆண்டிலிருந்து வட்டாரப் போட்டி, 11 ஆகும் ஆண்டிலிருந்து முடிவுப் பட்டியல், 13 ஆகும் ஆண்டிலிருந்துதான் தேசியச் சாம்பியன் போட்டி. 12 வயது வரை பரிசு கொடுப்பதென்றால் எல்லாருக்கும் கொடுக்கவேண்டும்.

இதை நாங்கள் நடத்தும் முறை இது. 9க்குக் கீழ்ப்பட்டவர்கள் அன்று போட்டி நடத்தும் கழகத்தின் பிள்ளைகளாக இருந்தால் ஒரு குட்டி வட்டம் ஓடலாம். 9, 10 வயதினர் எண் கட்டி ஓடுவார்கள். பெயர்கள் அகரவரிசையில் வரும், இடம் போடமாட்டோம். 11, 12க்கு நேரம் வெளியிடுவோம், பரிசு எல்லாருக்கும் ஒன்றே. 13 முதல் 16 வரைதான் தொடர்ப் புள்ளிகள். அதிலும் ஆறு போட்டிகளில் சிறந்த நான்கையே கணக்கில் எடுப்போம். காய்ச்சல் வந்த பிள்ளையும், அப்பாவுக்கு வேலை மாறிய பிள்ளையும் அதனால் பின்தங்கக்கூடாது.

சில பெற்றோருக்கு இது பிடிக்காது. "பத்து வயதில் முதலாவதாக வந்த என் மகனுக்கு ஏன் கோப்பை இல்லை?" என்பார்கள். நான் பொறுமையாகத்தான் பதில் சொல்வேன். பத்து வயதில் முதலாவதாக வருவது பெரும்பாலும் ஜனவரியில் பிறந்த, உயரமான, வீட்டில் ஸ்கீ தெரிந்தவர்கள் உள்ள பிள்ளை. டிசெம்பரில் பிறந்த பிள்ளை ஏறக்குறைய ஒரு வயது இளையது. அதை அந்த வயதிலேயே பட்டியல் போட்டுக் கடைசியில் எழுதினால், அடுத்த வருடம் அது வராது.

காகித வேலை அதிகமில்லை. 12 வரை பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சம்மேளனத்தின் காப்புறுதி இருக்கிறது. 13 ஆகும் ஆண்டிலிருந்து ஸ்கீ உரிமம் கட்டாயம். பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கும் பெரியவர்கள் பொலிஸ் சான்றிதழ் காட்டவேண்டும். இரண்டையும் ஒக்டோபரிலேயே முடித்துவிடுங்கள்.

ஸ்கீ இல்லாத வீடு

ஒரு தாய் என்னிடம், "அண்ணை, இதெல்லாம் எங்களுக்குச் சரிவருமோ? ஸ்கீ ஒண்டே ஆயிரக்கணக்கில போகுதாம்" என்று கேட்டார். இதற்கு ஒவ்வொரு கழகமும் பதில் வைத்திருக்கவேண்டும். பூஆ என்ற அமைப்பு நாடெங்கும் விளையாட்டுப் பொருட்களை இலவசமாக இரவல் கொடுக்கிறது. அதோடு, ஒக்டோபர் கடைசியில் பழைய ஸ்கீ மாற்றும் நாள் ஒன்று வையுங்கள். பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் வளர்ந்துவிடுவார்கள், நல்ல ஸ்கீகள் நிலவறையில் கிடக்கும். சப்பாத்தும் ஸ்கீயின் பிணைப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று அந்த மேசையில் பார்க்கத் தெரிந்த ஒருவர் நிற்கட்டும்.

அப்புறம் மெழுகு. கிளாசிக்கில் ஸ்கீயின் நடுப்பகுதிக்குப் பூசும் மெழுகு அன்றைய ஸ்னோவுக்குப் பொருந்தாவிட்டால் பிள்ளை ஏற்றத்தில் பின்னே வழுக்கும், அழும். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது தோல் ஒட்டிய ஸ்கீ. ஃபெல்லெஷீ என்பார்கள், பிடிப்புக்கு மெழுகே தேவையில்லை. மற்றவர்களுக்கு நவம்பரில் ஒரு பின்னேரம் மெழுகு வகுப்பு வையுங்கள். ஃபுளோரின் கலந்த மெழுகு கூடாது என்பதை அழைப்பிதழிலேயே தடித்த எழுத்தில் போடுங்கள். சர்வதேசப் போட்டிகளில் அந்தத் தடை 2023-24 பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. இங்கே 16 வயது வரையானவர்களுக்கு 2018-19இலேயே வந்துவிட்டது. அது சூழலில் அழியாமல் தங்கும், மெழுகுபவரின் நுரையீரலுக்கும் கேடு. காசுள்ள வீடுகளுக்கு மட்டும் வேகம் கொடுத்த அந்தப் பொருள் போனது எனக்குப் பெரிய நிம்மதி.

பாதையை ஓகஸ்டில் நடந்து பாருங்கள்

ஸ்னோ மூடிய பிறகு கல்லும் மதகும் தெரியாது. ஓகஸ்டில் நடந்தால் எந்த இறக்கத்தின் அடியில் வளைவு இருக்கிறது, எங்கே மரம் கிட்ட நிற்கிறது என்பதெல்லாம் தெரியும். பாதைகள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது. 1, 2, 3 கிலோமீற்றர் வட்டங்கள் மூன்றும் ஒரே மைதானத்தில் தொடங்கி அங்கேயே முடியட்டும். அப்போது பெற்றோர் பார்க்கலாம், உதவியாளர்களும் குறையும். பாதை அமுக்கும் இயந்திரத்தை முதல்நாள் மாலையே ஓட்டச் சொல்லுங்கள். அமுக்கிய ஸ்னோ இரவில் இறுகவேண்டும். விடியற்காலையில் அமுக்கினால் முப்பதாவது பிள்ளை போகும்போதே தடம் உடைந்துவிடும்.

தொடக்க நேரத்தைக் கணக்குப் போட்டே அறிவியுங்கள். எங்களுக்கு 240 பிள்ளைகள் வருவார்கள். எல்லாரையும் 30 செக்கனுக்கு ஒருவராக விட்டால் இரண்டு மணித்தியாலம், சின்னவர்கள் உறைந்துபோவார்கள். அதனால் 12 வரையான 140 பேரை 15 செக்கனுக்கு ஒருவராக விடுவோம், 35 நிமிடத்தில் முடியும். மூத்த 100 பேர் 30 செக்கன் இடைவெளியில், 50 நிமிடம். வயதுகளுக்கு நடுவே பத்து நிமிடம் சும்மா விடுங்கள். ஏதாவது ஒன்று கட்டாயம் பிந்தும்.

இதற்கு எங்களுக்கு 45 பெரியவர்கள் வேண்டும். டுக்னாட் என்று நோர்வேஜியர் சொல்வது நம் ஊர்ச் சிரமதானம்தான், அதனால் நம்மவர்களுக்கு விளங்கப்படுத்துவது சுலபம். ஆனால் பொதுவாக "உதவி தேவை" என்று கேட்காதீர்கள். "சனி 9 முதல் 12 வரை, இரண்டாவது வளைவில், மஞ்சள் மேலங்கியுடன் நிற்கவேண்டும்" என்று ஆளைப் பார்த்துக் கேளுங்கள். மொழி சரியாக வராத பெற்றோரைத் தனியே விடாமல் வேறொருவருடன் சேர்த்து நிறுத்துங்கள். எனக்கு நோர்வேஜிய மொழி ஓடத் தொடங்கியது அப்படி நின்ற வளைவுகளில்தான்.

குளிர்

சர்வதேச விதிப்படி பாதையின் மிகக் குளிரான இடத்தில் -20 பாகைக்குக் கீழே போனால் போட்டியைத் தள்ளிவைக்கவோ நிறுத்தவோ வேண்டும். அது பெரியவர்களுக்கான கணக்கு. எங்கள் தொடரில் -15ஐ எல்லையாக வைத்திருக்கிறோம். காற்று இருந்தால் அதற்கு முன்னமே நிறுத்துவோம். வெப்பமானியை மைதானத்தில் அல்ல, பள்ளத்தில் தொங்கவிடுங்கள். குளிர்காற்று கீழே போய்த் தேங்கும், மேலே -11 என்றால் கீழே -16 காட்டலாம். முதல்நாள் மாலை 6 மணிக்கு ஒரு முடிவு, காலை 7 மணிக்கு இன்னொன்று. இரண்டையும் ஒரே ஆள் அறிவிக்கட்டும். தொடக்கத்தில் நிற்பவர் ஒவ்வொரு கன்னத்தையும் பார்க்கவேண்டும்; தோல் உறையத் தொடங்கும் வெள்ளைப் புள்ளி கண்டால் அந்தப் பிள்ளை உள்ளே போகவேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களின் பெயர் முதலுதவிக்காரர் கையில் இருக்கட்டும்.

குளிர் கருவிகளையும் விடாது. ஒரு ஜனவரியில் நேரம் எடுக்கும் கொம்பியூட்டர் பற்றரி செத்து நடுவில் அணைந்தது. நாற்பது பிள்ளைகள் பாதையில். அன்று எங்களைக் காப்பாற்றியது ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. யாரும் கேட்காமலே இறுதிக்கோட்டில் நின்று, எண்ணையும் கைக்கடிகார நேரத்தையும் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எல்லாப் போட்டியிலும் ஒருவருக்கு அதுதான் வேலை. பென்சில்தான், பேனா மை உறையும்.

கடைசிப் பிள்ளை

இதை எழுதும்போது இன்னும் மனம் கனக்கிறது. என் இரண்டாவது வருடம், ஒரு புதன் பின்னேரம். பதினொரு வயதுச் சிறுமி, வந்து ஆறு கிழமைதான், அவளுடைய முதல் போட்டி. இருமுறை விழுந்து, ஒரு தடியும் உடைந்து, மெல்ல மெல்ல வந்தாள். அவள் காட்டிலிருந்து வெளியே வந்தபோது நாங்கள் இறுதிக்கோட்டின் பதாகையைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று யாரோ சொல்ல, நானும் நம்பிவிட்டேன். அவள் எங்கே முடிப்பது என்று தெரியாமல் விளக்குக் கம்பத்துக்குக் கீழே நின்றாள். அதற்குப் பிறகு அவளை நான் பாதையில் காணவில்லை.

இப்போது கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெரியவர் ஸ்கீயில் வருவார், முதுகில் சிவப்பு விளக்குடன். தள்ளிக்கொண்டு வரக்கூடாது, பேசிக்கொண்டு வரவேண்டும். கையில் உடைந்த தடிக்கு மாற்றாக இரண்டு அளவுகளில் தடி இருக்கும். அந்தச் சிவப்பு விளக்கு கோட்டைத் தாண்டும்வரை ஒலிபெருக்கியும் அணையாது, ஒரு கயிறும் அவிழாது. தொடங்கியோர் எண்ணிக்கையும் முடித்தோர் எண்ணிக்கையும் ஒன்றாகும்வரை நான் என் இடத்தை விட்டு அசைவதில்லை.

சிற்றுண்டிச் சாலை பற்றி ஒரு வரி: வாஃபலும், பிளாக்கரண்ட் பழச் சூட்டுப் பானமும், சொசேஜும் இங்கே வழக்கம். எங்கள் தாய்மார் கொண்டுவரும் மரக்கறி ரோல்ஸ்தான் முதலில் முடியும். அந்த வருமானத்தில்தான் எண் துணிகள் வாங்கினோம்.

கடைசிப் போட்டி மார்ச்சில். ஈர ஸ்னோவில் தடம் இளகினால் உப்புத் தூவி இறுக்கலாம், ஆனால் அளவு தெரிந்தவர் தூவட்டும். பரிசளிப்பை அன்றே, வெளியிலேயே, அரை மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுங்கள். அடுத்த சனி எண் துணிகளை 30 பாகையில் தோய்த்து, காயவைத்து, வரிசையாக அடுக்கி எண்ணுங்கள். இந்த வருடம் 250இல் ஏழு குறைந்தன. ஐந்து பிள்ளைகளின் பைகளிலிருந்து வந்துவிட்டன. 88உம் 131உம் இன்னும் வரவில்லை. ஏப்ரல் கூட்டத்துக்கு முன் தொலைபேசி எடுத்துக் கேட்கவேண்டும்.