டாலரை விழுங்கிய துணுக்கு

மண்டபம் ஊரில் ஒரு மீன் வியாபாரியின் எடைக் கணக்குக்காகப் பிஎச்பி (PHP) என்ற கணினி மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். இறால், நண்டு, கணவாய் எல்லாவற்றுக்கும் அதே 12 வரிகள். சலித்துப்போய் அவற்றை, நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் (VS Code) துணுக்காக்கினேன்; அதாவது, ஒரு சுருக்கப் பெயரில் சேமித்துவைத்தேன். சுருக்கத்தைத் தட்டி டேப் அழுத்தினால் வரிகள் வந்தன. மாறிகளின், அதாவது மதிப்புகளைத் தாங்கும் பெயர்களின், முன்னிருந்த டாலர் குறிகளை மட்டும் காணவில்லை! கச்சான் காற்றில் ஜன்னல் படபடக்க, ஒரு மணி நேரம் என் நிரலையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

துணுக்குக்குள் டாலர் என்றால் கர்சர் நிற்கும் இடம்: $1, $2, கடைசியில் $0. இல்லையென்றால் எடிட்டரின் சொந்த மாறி. தனக்குத் தெரியாத பெயராக இருந்தால் குறியை விழுங்கிவிட்டுப் பெயரை மட்டும் போடுகிறது. டாலர் டாலராகவே வர வேண்டுமானால் முன்னால் ஒரு பின்சாய்கோடு (\) போட வேண்டும். துணுக்குக் கோப்பு ஜேசன் (JSON) என்ற வடிவில் இருக்கிறது; அதில் பின்சாய்கோட்டுக்கே தனிப் பொருள் உண்டு என்பதால் அதையும் இரட்டிக்க வேண்டும்: \\$.

திருத்திச் சேமித்தேன். “தம்பி, கணவாயையும் சேர்த்தாயிற்றா?” என்றார் வியாபாரி. அதற்குள் சேர்த்திருந்தேன்.